வெட்டிய பழம்

கண்ணாடிக் கோப்பையிலிருந்து முதல் கரண்டியை எடுத்துத் திரேசம்மா மிஸி வாயில் வைத்தார். நாங்கள் ஆறு பெண்கள் அவரைச் சுற்றி நின்று அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. கூரை ஒழுக்குக்கு வைத்திருந்த வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மிஸி மென்றார். விழுங்கினார். இரண்டாவது கரண்டி எடுத்தார்.

“எப்பிடி மிஸி?” என்று மனோன்மணி அக்கா கேட்டார்.

“நல்லாயிருக்கு.”

மூன்றாவது கரண்டி. நாலாவது கரண்டி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து பழம் வெட்டியவள் நான் அல்லவா!

அன்று நத்தார், யேசு பிறந்த தினம். எந்த வருடம் என்று கேட்காதீர்கள். எனக்கு வருடங்கள் எல்லாம் மழை வருடம், மழை இல்லாத வருடம் என்றுதான் நினைவில் நிற்கின்றன. அது நல்ல மழை வருடம்.

சென்ற கிழமை இந்தப் பத்தியில் எங்கள் மாட்டு வண்டி சேற்றில் புதைந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “மார்கழி வெள்ளத்தில் வன்னியில் என்ன சாப்பிட்டீர்கள்? பழவகை ஏதும் கிடைத்ததா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். கிடைத்தது, அம்மா. அதை வைத்து ஒரு நாள் புரூட் சலட்டே செய்தோம். ஆனால் அந்தக் கதையை எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதில் நான் அவ்வளவு நல்லவளாக வரவில்லை. பரவாயில்லை, இந்த வயதில் பூசி மெழுகி என்ன ஆகப் போகிறது?

மிஸி வந்த கதை

நாங்கள் வடமராட்சியில் இருந்து கண்டாவளைப் பக்கம் குடியேறிய ஆட்கள். அரசாங்கம் காடு வெட்டிக் காணி தந்தது, வீடு தந்தது, வாய்க்காலில் தண்ணீரும் தந்தது. பிள்ளைப்பேறு பார்க்க மட்டும் ஒருவரையும் தரவில்லை.

என் முதல் பிள்ளை அதனால்தான் போனது. அதுவும் ஒரு மார்கழி. குளம் நிரம்பி வான் பாய்ந்து, வெள்ளம் றோட்டை மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. இதற்கு மேல் அதைப்பற்றி எழுத என்னால் முடியாது.

அதற்குப் பிறகு எங்கள் கொலனிச் சனங்கள் மனு மேல் மனு எழுதி, ஒரு வருடம் கழித்து ஒரு மருத்துவிச்சியை அனுப்பினார்கள். மருத்துவிச்சி என்று யாரும் சொல்வதில்லை, மிஸி என்றுதான் சொல்வோம். பெயர் திரேசம்மா. கொக்கிளாய்க்காரி. தகப்பனும் தமையனும் கடல் தொழில். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். கல்யாணம் கட்டவில்லை. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ஒரு சைக்கிள். சைக்கிள் ஓடுகிற பெண்ணை என் கணவரின் தாயான எங்கள் மாமி அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

“உவள் விழுந்தால் ஆர் தூக்கிறது?” என்றார் மாமி.

மிஸி விழவே இல்லை. ஒரே வருடத்தில் பதினேழு பேறு பார்த்து, பதினேழு பிள்ளை பிடித்தார். பதினேழும் அழுதன.

ஒரு கிளாஸ், ஒரு வாழைக்குலை

இனித்தான் சொல்லக் கூச்சமான விசயம்.

மிஸி எங்கள் ஆட்கள் இல்லை. சமயமும் வேறு, சாதியும் வேறு. எங்கள் பிள்ளைகளை அவர் கையால்தான் வாங்கினோம். ஆனால் அந்தக் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டோம். இதில் என்ன நியாயம் என்று கேட்டால் அன்று எங்களில் ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்காது. கேட்கவும் ஒருவரும் இல்லை.

அவர் வீட்டுக்கு வந்தால் கதிரை போடுவோம், மரியாதையாகக் கதைப்போம், தேத்தண்ணியும் கொடுப்போம். ஆனால் அதற்கென்று ஒரு கிளாஸ் தனியாக இருக்கும். எங்கள் வீட்டில் அது வாய் உடைந்த கிளாஸ். குசினிக்கு வெளியே யன்னல் கட்டின் மேல் கவிழ்த்து வைத்திருப்பார் மாமி. மனோன்மணி அக்கா வீட்டில் பச்சைக் கோடு போட்ட கிளாஸ். வீட்டுக்கு ஒன்று.

அவருடைய குவாட்டர்ஸுக்கு நாங்கள் போனால் கதை வேறு. வந்த புதிதில் மிஸி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வயிறு சரியில்லை, இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன், விரதம் என்று ஆளுக்கொரு சாட்டுச் சொன்னோம். நான் என்னுடையதைப் பின்பக்கம் கொண்டு போய் குரோட்டன் செடிக்கு ஊற்றினேன். ஓம், நான்தான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு தேத்தண்ணி நின்றுவிட்டது. அதன் பிறகு அவர் வீட்டு விறாந்தை வளையில் எப்போதும் ஒரு வாழைக்குலை தொங்கும். யார் போனாலும் இரண்டு பழம் முறித்துத் தருவார். நாங்களும் வாங்கிச் சாப்பிடுவோம். முழுப்பழத்துக்குத் தீட்டு இல்லை. தோல் மூடியிருக்கிறது, தோலை நாங்களே உரிக்கிறோம். கத்தி பட்டால்தான், தண்ணீர் பட்டால்தான் குற்றம். இளநீரும் அப்படித்தான், வெட்டாமல் தந்தால் வாங்கலாம். இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

கொலனிப் பிள்ளைகள் அவருக்கு “வாழைப்பழ மிஸி” என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண்கள் நாங்களோ, “ஒரு தேத்தண்ணி வச்சுத் தரத் தெரியாத மனுசி, எந்த நாளும் வாழைப்பழந்தான்” என்று வாய்க்கால் கரையில் இருந்து சிரித்தோம். நானும் கூடச் சேர்ந்துதான் சிரித்தேன்.

மாற்றம்

மார்கழி நடுப்பகுதியில் ஒரு நாள் என் கணவர் சங்கக்கடையில் இருந்து வெறும் பையோடு வந்தார். வெள்ளத்தால் லொறி வரவில்லை, சீனியும் இல்லை, மாவும் இல்லை. அதோடு ஒரு செய்தியும் கொண்டு வந்தார்.

“மிஸிக்கு மாற்றம் வந்திட்டுதாம். முல்லைத்தீவுக்கு. தை முதலாந் திகதி அங்கை நிக்க வேணுமாம்.”

எனக்குத் தையில்தான் நாள். நத்தாருக்கு ஊருக்குப் போகிற மிஸி பெட்டியோடு போனால் அப்படியே போனதுதான். திரும்ப அதே வெள்ளம், அதே வண்டி, அதே றோட்டு. அன்று முழுக்க நான் ஒரு வாய் சோறு தின்னவில்லை.

“அவாவை எப்பிடியும் மறிக்க வேணும்,” என்றேன் மனோன்மணி அக்காவிடம். அவர்தான் எங்கள் மாதர் சங்கத் தலைவி.

“எப்பிடி மறிக்கிறது? கயிறு போட்டே?”

“நத்தாருக்கு ஏதாவது செய்து குடுப்பம். எங்களிலை ஒரு பட்சம் வந்தால் அவா நிப்பா.”

சுயநலம்தான். பட்சம் வேண்டியிருந்தது அவருக்காக அல்ல, என் வயிற்றுக்காக.

ஆனால் வேதக்காரருக்கு நத்தாருக்கு என்ன செய்து கொடுப்பது? கேக் என்றார் ஒருவர். மாவும் இல்லை, சீனியும் இல்லை, கேக் போட்ட ஆளும் இல்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். நான் யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்பு வரை போர்டிங்கில் இருந்து படித்தவள். மனையியல் வகுப்பில் ஒரே ஒரு நாள் புரூட் சலட் செய்து காட்டினார்கள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு, “எனக்குப் புரூட் சலட் நல்லாச் செய்யத் தெரியும்” என்று சொல்லிவிட்டேன்.

“அது என்ன சாமான்?” என்றார் மாமி.

“பழங்களை வெட்டிக் கலக்கிறது மாமி.”

“இதுக்குப் போய்ப் போர்டிங்கிலை விட்டவை?”

என் கணவர் குறுக்கே விழுந்து சிரித்தார். “பழத்தை வெட்டிக் கலக்கிறதுக்கும் ஒரு பேர் வைக்க வெள்ளைக்காரனாலைதான் ஏலும்!”

பழம் தேடிய கதை

போர்டிங்கில் எங்களுக்குக் காட்டிய சலட்டில் அப்பிளும் முந்திரிகையும் தகரத்தில் அடைத்த பீச்சும் இருந்தன. வன்னி மார்கழியில் அப்பிளுக்கு எங்கே போவது? பாலைப்பழம், வீரைப்பழம் எல்லாம் வெயில் காலத்துச் சாமான்கள். மாம்பழத்துக்கு இன்னும் எத்தனையோ மாதம். இருந்ததைத் தேடினோம்.

கொய்யா இருந்தது. அணிலும் குரங்கும் விட்டு வைத்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பப்பா மரம் காற்றுக்கு முறிந்து விழுந்திருந்தது. என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் இரண்டு பழம் தலையில் வைத்துக் கொண்டு வந்தார். ஒன்று செங்காய், மற்றது நல்ல பழம். ஒரு வீட்டில் நாலு மாதுளை, ஒரு வீட்டில் மூன்று அன்னமுன்னா. இதரை வாழைப்பழம் எங்கள் வளவிலேயே இருந்தது. தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, எல்லோர் வேலியிலும் உண்டு.

மழைக்காலத்துப் பழத்தில் ஒரு கரைச்சல். பார்வைக்கு நன்றாக ஊதிப் பருத்திருக்கும். வாயில் வைத்தால் வெறும் தண்ணீர், இனிப்பே இருக்காது. சீனி இல்லாததால் போன வைகாசியில் காட்டில் எடுத்த தேன் போத்தலை மாமி பெட்டகத்தில் இருந்து எடுத்துத் தந்தார். பேற்றுக்குப் பிறகு மருந்துக்கு என்று வைத்திருந்த தேன் அது. எனக்கு இருந்த பயம் அவருக்கும் இருந்தது என்று அந்தப் போத்தலைக் கண்டதும் தெரிந்தது.

கடைசியாக மனோன்மணி அக்கா வந்தார். மடியில் ஐந்து தோடம்பழம், போர்டிங்கில் ஒறேஞ் என்று சொல்லித் தந்த பழம். அவர் வளவில் மூன்று வருடமாக நின்ற தோடை அந்த வருடம்தான் முதல் முதலாகக் காய்த்தது. எங்கள் பக்கத்தில் எந்த மரத்திலும் முதல் காய் பிள்ளையாருக்குத்தான். படைக்கும் முன் வீட்டுக்காரர் ஒரு சுளை வாயில் வைக்க மாட்டார்கள்.

“அக்கா, இது முதல் காயெல்லோ!”

“பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டன். உன்ரை பிள்ளை பிறக்கட்டும், அவருக்கு அடுத்த முறை குடுப்பம். அவர் கோவிக்கமாட்டார்.”

மனோன்மணி அக்காவைப் பற்றி இனி வேறு ஒன்றும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும். அந்த ஐந்து பழமும் அவருக்குப் பெரிய விசயம்.

ருசி பார்க்காத கை

நத்தார் அன்று காலையில் வெட்டத் தொடங்கினேன். வகுப்பில் படித்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கடினமான பழம் முதலில், வாழைப்பழம் கடைசியில். வாழைப்பழம் வெட்டியதும் தேசிப்புளி விட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப் போகும். கொய்யாவின் விதையைச் சுரண்டி எறிந்தேன். அன்னமுன்னாவைக் கையால் பிசைந்து கொட்டை எடுத்தேன். தோடம்பழத்தின் தோல் தடிப்பாக இருந்தது. கத்தி இறங்கச் சிரமப்பட்டது. ஒரு கணம் ஏதோ மாதிரி இருந்தது. பக்கத்தில் மனோன்மணி அக்கா கண் வெட்டாமல் தன் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு சுளைகளை வெட்டிப் போட்டேன்.

தேன் விட்டுக் கலந்து, மேலே மாதுளை முத்துகளைத் தூவி, மூடி வைத்தேன். ஒரு மணித்தியாலம் ஊற வேண்டும்.

மனையியல் ஆசிரியை கடைசியாக ஒன்று சொல்லித் தந்தவர். “பரிமாற முன்னம் வேறு கரண்டியால் ருசி பாருங்கோ.” அதைத்தான் நாங்கள் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். திருவெம்பாவைக் காலம், இரண்டு மூன்று பேர் விரதம். மற்றவர்களுக்கு, இன்னொருவருக்குக் கொடுக்கச் செய்ததை வாயில் வைப்பது எச்சில். கோவில் பொங்கல் முதல் கலியாணச் சமையல் வரை ருசி பாராமல் கைக்கணக்கில் போட்டே பழகியவர்கள் நாங்கள். எனக்கோ அதில் பப்பாப்பழம் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி பப்பாப்பழம் தொட்டால் மாமி கொலனியையே கூட்டிவிடுவார். வெட்டும்போதே, “விரலை நக்கிப்போடாதை” என்று மூன்று தரம் சொல்லிவிட்டார்.

ஆக ஆறு பெண்கள் செய்த சாமானில் ஆறு பேரும் ஒரு துளி வாயில் வைக்கவில்லை.

மனோன்மணி அக்காவின் கண்ணாடிக் கோப்பையில் அதைப் போட்டோம். ஒரே ஒரு கோப்பை, ஒரே ஒரு கரண்டி. மிச்சமிருந்த கொய்யாவையும் மாதுளையையும் ஒரு கடகத்தில் முழுதாகவே எடுத்துக்கொண்டோம். நாங்கள் அங்கே இருந்து சாப்பிடுவதாக எண்ணமே இல்லை. கொடுப்பது, வாழ்த்துவது, வருவது.

கோப்பை காலியாகிறது

குவாட்டர்ஸில் மேசைமேல் ஒரு சின்னப் பாலன் குடில். வைக்கோல், ஒரு மெழுகுதிரி. மிஸி புதுச் சேலை உடுத்திக்கொண்டு தனியே இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்துவிட்டது.

“எனக்கே? எனக்கெண்டே கொண்டந்தனீங்கள்?”

இரண்டு தரம் கேட்டார். பிறகு எங்களை இருக்கச் சொன்னார். “நாங்கள் விரதம் மிஸி, நீங்கள் சாப்பிடுங்கோ” என்றோம், விரதம் இல்லாதவர்களும் சேர்த்து. அவர் சாப்பிட்டார். நாங்கள் நின்று பார்த்தோம். நான் முதலில் எழுதியது இந்த இடம்தான்.

முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். அடியில் இருந்த சாறு வரை.

வெறும் கோப்பையை நான் கையில் வாங்கினேன். விளிம்பால் வழிந்த தேன் என் மணிக்கட்டில் பட்டது. யோசிக்காமல் நக்கிவிட்டேன்.

“பப்பா!” என்று மாமி கத்தினார்.

எனக்கு அது காதில் ஏறவில்லை. நாக்கு அப்படியே சுருண்டுவிட்டது. வேப்பெண்ணெய் தோற்றது. தோடையாவது மண்ணாவது! கன்று விற்றவன் நாரத்தையைத் தோடை என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதுவும் ஊறுகாய்க்கு மட்டுமே ஆகிற கசப்பு நாரத்தை. ஒரு மணித்தியாலம் ஊறி, ஒவ்வொரு துண்டிலும் இறங்கியிருக்கிறது.

“ஐயோ மிஸி, கைக்குது! இதை ஏன் சாப்பிட்டனீங்கள்?”

மிஸி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். “ஒரு வருசமா இஞ்சை இருக்கிறன். எனக்கெண்டு ஒராள் ஒண்டு செய்து கொண்டந்தது இதுதான் முதல் தரம். கைக்குது எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

மனோன்மணி அக்காவின் முகம் செத்துவிட்டது. எனக்கோ உள்ளே இருந்த பயம் அணை உடைத்துக்கொண்டு வந்தது.

“மிஸி, கோவிச்சுக்கொண்டு போயிடாதேங்கோ. மாற்றம் வந்திட்டுது எண்டு எங்களுக்குத் தெரியும். என்ரை பிள்ளை பிறக்குமட்டும் நில்லுங்கோ. உங்களைக் கும்பிட்டன்.”

மிஸி என்னைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார்.

“ஓ,” என்றார். “அதுக்கே இது?”

அந்த இரண்டு சொல்லைப் போல என்னை வாழ்க்கையில் ஒருவரும் அடித்ததில்லை. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு மிஸியே வந்து என் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

“விசர்ப் பிள்ளை. போன கிழமையே கந்தோருக்கு எழுதிப்போட்டன், தை முடியத்தான் வருவன் எண்டு. சம்மதம் எண்டு பதிலும் வந்திட்டுது. நத்தாருக்கு ஊருக்கும் போகேல்லை, பாத்தியெல்லோ? உன்ரை பிள்ளையைப் பிடிக்காமல் நான் போவனே?”

பழம் முறித்த கை

எங்கள் பெண்களின் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்ல வேண்டும். வந்த காரியம் முடிந்துவிட்டது அல்லவா? மனோன்மணி அக்கா கோப்பையை வாங்கிச் சேலையால் துடைத்தார். ஒருவர் குடையை எடுத்தார். நாங்கள் போகப் புறப்பட்டுவிட்டோம். ஆம், நானும்தான்.

“இருங்கோ,” என்றார் மிஸி. “நத்தார் நாள். இனிப்பில்லாமல் போகக் கூடாது. உதிலை பழம் கிடக்குத்தானே, நான் வெட்டித் தாறன்.”

அவர் கை கழுவினார். பிள்ளை பிடிக்க முன் கழுவுவது போல, முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டு. கடகத்தில் இருந்த கொய்யாவை வெட்டினார், மாதுளையை உதிர்த்தார், வாழைப்பழத்தை உரித்து வட்டம் வட்டமாக அரிந்தார், தேசிக்காய் பிழிந்தார்.

“ராசம், உனக்குப் பயமில்லை. இதிலை பப்பா போடேல்லை,” என்றார் என்னைப் பார்த்து.

பரிமாறக் கோப்பை தேடினார். இரண்டுதான் இருந்தன. சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்கடை ஒவ்வொரு வீட்டிலையும் எனக்கெண்டு ஒரு கிளாஸ் கிடக்கு. என்ரை வீட்டிலைதான் உங்களுக்கெண்டு ஒண்டும் இல்லை.”

பகிடியாகத்தான் சொன்னார். இவ்வளவு நாளும் அவருக்குத் தெரியும்! வீட்டுக்கு வீடு தெரியும்!

பின்பக்கம் போய் ஒரு வாழையிலை வெட்டி வந்து ஆறு துண்டாக்கி, பழத்தைப் பங்கு வைத்து மேசையில் அடுக்கினார். ஒருவரும் அசையவில்லை. நான் மாமியைப் பார்த்தேன். மாமி கூரையைப் பார்த்தார். வாளியில் மழைத்தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

மிஸி எங்கள் முகங்களைப் பார்த்தார். விறாந்தைக்குப் போனார், தொங்கிய குலையில் இருந்து பழங்களை முறித்தார், வந்து எங்களுக்கு நீட்டினார்.

“அது கிடக்கட்டும். இதைப் பிடியுங்கோ. இது முழுப்பழம், இதிலை ஒண்டுமில்லை.”

எங்கள் கைகள் தாமாகவே நீண்டன. பழக்கம். எனக்கும் ஒரு வாழைப்பழம் கையில் வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் குலை ஏன் எப்போதும் அங்கே தொங்குகிறது என்று. தேத்தண்ணி வைக்கத் தெரியாத மனுசி! நாங்கள் வாங்கக் கூடிய ஒரே ஒரு சாமானைத் தேடிப் பிடித்து, அது தீரத் தீர வாங்கித் தொங்கவிட்டு, எங்களைக் கூச்சப்படாமல் வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஊற்றிய தேத்தண்ணிக்குக் கூட அவர் என்னைக் கோபிக்கவில்லை, எனக்கு வசதி செய்து தந்தார்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். காது இரண்டும் சுட்டது.

“எனக்கு வெட்டினது தாங்கோ,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். “மிஸி, எனக்கு வெட்டினது தாங்கோ.”

இலைத்துண்டைத் தந்தார். சாப்பிட்டேன். கொய்யாவில் இனிப்பில்லை, மழைக்காலத்துக் கொய்யாதானே. வாழைப்பழமும் தேசிப்புளியும் சேர்ந்து நன்றாக இருந்தது. தேன் கூட இல்லாமல் நன்றாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மாமி என்னைத் தின்னப்போகிறார் என்று நினைத்தேன். மாமி கையில் இருந்த வாழைப்பழத்தை மேசையில் வைத்தார். எரிந்து விழுகிற குரலில் மிஸியைக் கேட்டார்:

“அவளுக்கு மட்டுந்தானே? எனக்கென்ன வாயில்லையே?”

மிஸி மற்ற இலையை எடுத்துக் கொடுத்தார். மாமி நின்றபடியே ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார்.

இன்னும் ஒருவர் சாப்பிட்டார். மனோன்மணி அக்காவும் மற்ற இருவரும் சாப்பிடவில்லை. “நான் விரதம்” என்று சொல்லிவிட்டு அக்கா குடையை விரித்தார். அவர் உண்மையாகவே விரதமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த மரத்தில் மிச்சமிருந்த காய் எல்லாம் பறித்து, மாசியில் மிஸி மாற்றலாகிப் போனபோது ஒரு பெரிய போத்தல் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்பினார்.

தை

தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில், வெயில் நன்றாக ஏறின நேரத்தில், எனக்கு மகள் பிறந்தாள். பிறந்த உடனே அழுதாள். அந்தச் சத்தம் கேட்டு நானும் அழுதேன், வாசலில் நின்ற என் கணவரும் அழுதார். மாமி மட்டும், “என்ன, ஆரும் செத்துப்போச்சினமே?” என்று எல்லோரையும் ஏசினார்.

பிறகு மாமி குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். படுக்கையில் கிடந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் எங்கள் வீட்டு வெள்ளி மூக்குப்பேணி, மாமா இருக்கும்போது குடித்தது. மறு கையில் அந்த வாய் உடைந்த கிளாஸ். மூக்குப்பேணியை மிஸியிடம் நீட்டினார்.

மிஸி தயங்கினார். “அம்மா, அந்தக் கிளாஸ் என்ரையெல்லோ?”

“பேசாமல் குடி பிள்ளை. ஆறப்போகுது.”

சொல்லிவிட்டு மாமி கிளாஸை உடையாத பக்கமாகத் திருப்பித் தன் வாயில் வைத்துக் குடித்தார். யன்னல் கட்டுக்கு அது திரும்பப் போகவில்லை. கழுவிக் குசினிக்குள் எங்கள் பாத்திரங்களோடு வைத்தார். நான் எத்தனையோ தரம் புதுக் கிளாஸ் வாங்கிக் கொடுத்தும், மாமி சாகும்வரை அதிலேதான் குடித்தார்.